நீரச்சம்

நுழையும்முன்

நோயின் அறிகுறிகளைக் கற்பது, நோய் கண்டவரை விரைந்து மருத்துவரிடம் சேர்ப்பதற்காக என்பது பொது வழக்கு. ஆனால், அறிகுறிகள் தோன்றியபின் மருத்துவத்தால் மீட்க இயலாத நோய் ஒன்று உண்டு. அதன் அறிகுறிகளை எதற்காகக் கற்க வேண்டும்? தாமிரபரணிக் கரை ஊராகிய முக்கூடலை நிலைக்களமாகக் கொண்டு இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

ஆற்றங்கரையில் ஓர் அச்சம்

பழந்தமிழர் பொருநை என வழங்கிய தாமிரபரணி, பொதிகை மலையில் பிறந்து பாபநாசத்தில் சமவெளியைத் தொடுகிறது. அங்கிருந்து கிழக்கே திருநெல்வேலியை நோக்கி ஓடும் வழியில் அதன் கரையில் அமைந்த பேரூர் முக்கூடல். 'முக்கூடற்பள்ளு' என்னும் சிற்றிலக்கியத்தால் புகழ்பெற்ற முக்கூடல் இதுவன்று. அது திருநெல்வேலிக்கு வடகிழக்கே, சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரிப் பகுதியைச் சார்ந்தது. பெயரொற்றுமையால் இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் இன்றும் உளர்.

மேற்கேயுள்ள இந்த முக்கூடல், நெல்வயல்களாலும் பீடித்தொழிலாலும் முத்துமாலை அம்மன் கோவிலாலும் அறியப்படுவது. கார், பிசானம் ஆகிய இரு பருவ நெல்லும் ஆற்றுநீரை நம்பியே விளைகின்றன. வீட்டு வாசல்களில் பீடித்தட்டை மடியில் ஏந்திய பெண்களின் விரல்கள் ஓய்வின்றி இயங்கும். குழந்தைகள் நடைபழகிய சில ஆண்டுகளிலேயே நீந்தவும் பழகிவிடுவர். குளியலும் வழிபாடும் ஊர்ப்பேச்சும் படித்துறையிலேயே நடைபெறும்.

இவ்வாறு நீரோடு வாழும் ஊரில் ஒருவர் ஒரு குவளை நீரைக் கண்டு நடுங்கினால், காண்போர் என்ன நினைப்பர்? காற்றுக் கருப்பு அண்டியது என்பர். ஆற்றங்கரையில் எதையோ கண்டு பயந்தார் என்பர். திருநீறு போட அழைத்துச் செல்வர். நடுங்குபவரை இரண்டு அல்லது மூன்று மாதங்களுக்கு முன் ஒரு நாய் கடித்ததையோ, அதன் பல் சற்றே கீறியதையோ அப்போது எவரும் நினைவுகூர்வதில்லை. அவருக்கேகூட அது மறந்துபோயிருக்கும்.

பெயர்கள் சொல்லும் செய்தி

நாயைச் சங்க இலக்கியம் ஞமலி எனவும் குறிக்கும். நாய்க்குட்டியைக் குருளை எனச் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியத்தின் மரபியல் வரையறுக்கிறது. வேட்டைக்குத் துணையாகவும் வீட்டுக்குக் காவலாகவும் இருந்த அவ்விலங்கின் பெயரோடு 'வெறி' என்னும் சொல் சேர்ந்தபோது ஒரு கொடிய நோயின் பெயர் பிறந்தது. 'ரேபிஸ்' என்பது இலத்தீன் சொல். அதற்கும் வெறி, சினம் என்பனவே பொருள். ஒன்றுக்கொன்று தொலைவிலிருந்த இரு மொழிகளும் நாயின் நடத்தையைக் கண்டு ஒரே வகையில் பெயரிட்டுள்ளன.

நோய்வாய்ப்பட்ட மனிதரைக் கண்டு இட்ட பெயர்கள் வேறு. சுசுருத சங்கிதை என்னும் பழைய வடமொழி மருத்துவநூல், வெறிகொண்ட விலங்கு கடித்தவர் நீரைக் கண்டோ அதன் ஓசையைக் கேட்டோ அஞ்சுவாராயின் பிழையார் என உரைத்து, அந்நிலையை நீரச்சம் எனப் பொருள்படும் சொல்லால் குறிக்கிறது. கிரேக்கர் வழங்கிய 'ஹைட்ரோபோபியா' என்பதற்கும் அதுவே பொருள். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானிய அறிஞர் செல்சஸ், இந்நோயாளி நீர்வேட்கையாலும் நீரச்சத்தாலும் ஒருசேர வருந்துவதை எழுதினார்.

செல்சஸ் குறிப்பிட்ட இந்த முரண்பாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும். 'நீர்வெறுப்பு நோய்' எனத் தமிழில் வழங்கும் பெயர் ஒரு வகையில் பிழையானது. நோயாளி நீரை வெறுப்பதில்லை. அவருக்குத் தாகம் உண்டு. பருகும் விருப்பமும் உண்டு. பருக முனையும்போது அவருடைய தொண்டையும் மார்பும்தாம் ஒத்துழைக்க மறுக்கின்றன.

நரம்பின் வழியே ஒரு பயணம்

இந்நோயை உண்டாக்குவது துப்பாக்கிக் குண்டின் வடிவமுடைய மிக நுண்ணிய நச்சுயிரி. நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் அது மிகுந்திருக்கும். கடித்தல், பிராண்டுதல், புண்ணை நக்குதல் ஆகியவற்றால் உடலுக்குள் புகும். கண், வாய் ஆகியவற்றின் மென்சவ்வில் அவ்வுமிழ்நீர் படுவதாலும் புகக்கூடும்.

பாம்பின் நஞ்சு குருதியில் கலந்து விரைந்து பரவும். இந்த நச்சுயிரி அவ்வாறு பரவுவதில்லை. கடிபட்ட இடத்தின் தசையில் சில காலம் தங்கிப் பெருகி, பின்னர் அங்குள்ள நரம்பு முனைக்குள் நுழைகிறது. நரம்பு இழையைப் பற்றிக்கொண்டு, ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை முதுகுத்தண்டை நோக்கியும், அங்கிருந்து மூளையை நோக்கியும் நகர்கிறது. இப்பயணம் முழுவதிலும் உடலுக்கு எவ்விதத் துன்பமும் தோன்றுவதில்லை. நோய் எதிர்ப்பாற்றலும் அதனைக் கண்டுகொள்வதில்லை.

முக்கூடலில் ஒரு சிறுவன் இருப்பதாகக் கொள்வோம். ஆனி மாதம்; வயல்களில் கார் நடவு நடக்கிறது. வாய்க்கால் ஓரம் கிடந்த குருளை ஒன்றைத் தூக்கி விளையாடுகிறான். அது அவன் கணுக்காலைக் கவ்விவிடுகிறது. இரண்டு சிறு புள்ளிகளாகக் குருதி கசிகிறது. வீட்டில் சொன்னால் அடி விழும் என அஞ்சி, காலை ஆற்றில் நனைத்துவிட்டு வீடு திரும்புகிறான். மூன்று நாளில் புண் ஆறிவிடுகிறது. கார் நெல் கதிர்விட்டு அறுவடையும் முடிகிறது. அதுவரை பள்ளிக்குச் செல்கிறான், பந்தாடுகிறான், நீந்துகிறான். பிசானத்துக்கு நாற்றங்கால் தயாராகும் புரட்டாசியில் அவனுக்குக் காய்ச்சல் வருகிறது.

கடிக்கும் காய்ச்சலுக்கும் இடைப்பட்ட இக்காலம் பெரும்பாலோர்க்கு ஒரு மாதம் முதல் மூன்று மாதங்கள் வரை அமையும். ஒரு வாரமாகக் குறைதலும் ஓராண்டைக் கடத்தலும் அரிதாக உண்டு. முகம், கழுத்து, கை விரல்கள் ஆகியன கடிபட்டால் இக்காலம் சுருங்கும். மூளைக்கு அண்மையும் நரம்பு முனைகளின் செறிவும் அதற்குக் காரணங்கள். உயரம் குறைந்த குழந்தைகளுக்கு முகத்திலும் தலையிலும் கடி விழுதல் மிகுதி. அதனால் அவர்களுக்கு இடர் கூடுதல்.

ஆறிய வடுவில் தோன்றும் அடையாளம்

நோயாளி தாமே உணர்ந்து கூறுவன ஒருவகை அறிகுறிகள். பிறர் பார்த்தும் தொட்டும் அறிவன மற்றொரு வகை. வெறிநாய்க்கடி நோயில் முதல்வகையே முந்தித் தோன்றுகிறது. ஆதலால் நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பவரே அதனை முதலில் அறிவர்.

காய்ச்சல், தலைவலி, உடற்சோர்வு, பசியின்மை, குமட்டல், தொண்டை வலி ஆகியன முதலில் வரும். இவை எந்தக் காய்ச்சலுக்கும் உரியன. மழைக்காலத்தில் ஓர் ஊரில் நூறு பேருக்கு இவை இருக்கும். இவற்றைக் கொண்டு எந்த மருத்துவரும் இந்நோயை ஐயுற இயலாது. எனினும் இக்கட்டத்தில் தோன்றும் ஓர் அடையாளம் இந்நோய்க்கே பெரிதும் உரியது. முன்பு கடிபட்டு முற்றிலும் ஆறிப்போன இடத்தில் எரிச்சல், ஊறல், மரமரப்பு, ஊசி குத்துவது போன்ற வலி ஆகியவற்றுள் ஒன்று மீண்டும் எழும். சிலர் அவ்விடத்தைப் புண்ணாகும்வரை சொறிவர். அவ்விடத்து நரம்பின் வேர்முனையை நச்சுயிரி தாக்கியதன் விளைவு இது.

காய்ச்சலில் கிடக்கும் சிறுவன் கணுக்காலைச் சொறிவதை, கொசுக்கடி எனத் தாய் எண்ணுவது இயல்பு. "இந்த இடத்தில் முன்பு ஏதேனும் கடித்ததா?" என்னும் ஒரு வினா அப்போது கேட்கப்பட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது கேட்கப்படுவதில்லை.

நீரும் காற்றும்

முதற்கட்டம் சில நாள்களே நீடிக்கும். பின்னர் மூளை தாக்குண்டதன் அறிகுறிகள் வெளிப்படும். ஐந்தில் நான்கு பங்கினர்க்கு அவை கொந்தளிப்பு வடிவில் அமைகின்றன.

நீரச்சம் இக்கட்டத்திலேயே தோன்றுகிறது. ஒரு மிடறு நீர் உதட்டில் பட்டவுடன் தொண்டைத் தசைகளும் மூச்சிழுக்கும் தசைகளும் திடீரென வலிந்து இறுகுகின்றன. கழுத்து பின்னோக்கி வளைகிறது. மூச்சு விட்டுவிட்டு இழுக்கப்படுகிறது. முகத்தில் சொல்லொணாத திகில் படர்கிறது. இவ்வாறு இரண்டொரு முறை நேர்ந்தபின், நீரைப் பார்த்த அளவிலேயே அதே இறுக்கம் வருகிறது. பின்னர் குழாயிலிருந்து நீர் விழும் ஓசையும், சிலரிடம் 'தண்ணீர்' என்னும் சொல்லும்கூட அதனைத் தூண்டிவிடுகின்றன.

முகத்தில் காற்று பட்டாலும் இவ்வாறே நேரும். விசிறியைப் போட்டால் அலறுவார். கதவு திறந்து காற்று நுழைந்தால் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொள்வார். இதனைக் காற்றச்சம் என்பர். மருத்துவர்கள் ஐயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள நோயாளியின் முகத்தில் மெல்லக் காற்றை வீசிப் பார்ப்பதும் உண்டு. வெளிச்சத்தையும் பேரொலியையும் தாங்க இயலாமை இவற்றோடு சேரும். விழுங்க முடியாமையாலும் மிகுதியாகச் சுரப்பதாலும் உமிழ்நீர் வாயிலிருந்து ஒழுகும். உறக்கமின்மை, பதற்றம், இல்லாதன தோன்றுதல், மிகு வியர்வை ஆகியனவும் காணப்படும்.

கடிபட்டவர் நாய்போல் குரைப்பார் என்பது ஊர்தோறும் வழங்கும் கதை. அக்கதை எங்கிருந்து பிறந்தது என்பதை அறிவியல் விளக்குகிறது. குரல்வளைத் தசைகள் வலிந்தும் செயலிழந்தும் போவதால் நோயாளியின் குரல் கரகரத்து உடைகிறது. இறுகிய தொண்டை வழியே வரும் அவ்வொலியைக் குரைப்பு எனக் கேட்டவர் கருதினர். மனிதர் நாயாவதும் இல்லை. வயிற்றில் நாய்க்குட்டி வளர்வதும் இல்லை. இதற்கு மாறாக, நாய் கடித்த அச்சம் ஒன்றாலேயே உண்மையில் குரைத்துக் காட்டுவோரும் பிறரைக் கடிக்கப் பாய்வோரும் உளர். அத்தகையோர்க்கு இந்நோய் இராது, அவர்கள் தேறிவிடுவர். மந்திரித்துக் குணமானதாகச் சொல்லப்படும் நிகழ்ச்சிகள் சிலவற்றின் பின்னணி இதுவாக இருக்கக்கூடும்.

ஏற்புவலி நோயிலும் தசை இறுக்கம் உண்டு. ஆனால், அதில் வாய் திறக்க இயலாதவாறு தாடை பூட்டிக்கொள்ளும். வலிப்புகளுக்கு இடையிலும் தசைகள் விறைத்தே இருக்கும். வெறிநாய்க்கடி நோயில் தாடை பூட்டிக்கொள்வதில்லை. இறுக்கம் வந்து வந்து நீங்கும்.

ஓசையற்ற வடிவம்

எஞ்சிய ஐந்தில் ஒரு பங்கினர்க்குக் கொந்தளிப்பு இராது. நீரச்சமும் பெரும்பாலும் இராது. கடிபட்ட காலோ கையோ முதலில் தளரும். தளர்ச்சி பின்னர் மற்ற உறுப்புகளுக்கும் பரவும். நோயாளி அமைதியாகப் படுத்திருப்பார். இவ்வடிவத்தைக் கண்டறிவது மருத்துவர்க்கே கடினம். நரம்புகள் அழற்சியுற்று உடல் தளரும் கில்லன்-பாரே நோய் என இதனைக் கருதிவிட இடமுண்டு. காய்ச்சலோடு தளர்ச்சி தொடங்குதலும், கடிபட்ட இடத்திலேயே அது தொடங்குதலும், சிறுநீர் கழிப்பதில் இடர் தோன்றுதலும் ஐயத்தை எழுப்ப வேண்டியவை.

வாதவடிவ நோய் கொந்தளிப்பு வடிவத்தைவிடச் சில நாள்கள் நீளும். முடிவில் வேறுபாடில்லை. இவ்வடிவில் இறந்த பலருடைய இறப்புக்கு வேறு காரணம் எழுதப்படுவதால், நாட்டில் இந்நோயால் இறப்போரின் எண்ணிக்கையும் உண்மையினும் குறைத்தே எண்ணப்படுகிறது என அறிஞர் கருதுகின்றனர். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக ஒரு மதிப்பீடு உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022–23இல் நடத்திய கள ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 பேர் இறப்பதாக மதிப்பிட்டது. மதிப்பீடுகள் வேறுபடலாம், அவர்களுள் மிகப் பலர் தடுத்திருக்கக்கூடிய இறப்பையே அடைந்தனர் என்பதில் கருத்து வேறுபாடில்லை.

தெளிந்த நேரங்கள்

இந்நோயின் அறிகுறிகளுள் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுவது ஒன்றுண்டு. கொந்தளிப்புக்கு இடையிடையே நோயாளி முழுத் தெளிவோடு இருப்பார். தாயைப் பெயர் சொல்லி அழைப்பார்; வந்தவரை அடையாளம் காண்பார்; தமக்கு என்ன நேர்கிறது என வினவுவார்; தம்மால் பிறர்க்குத் தீங்கு நேருமோ எனக் கவலைப்படுவார். அடுத்த சில நிமிடங்களில் இறுக்கம் மீண்டும் வரும். கடைசி மயக்கநிலை வரும்வரை இவ்வாறு மாறிமாறி நிகழும்.

இதனை அறியாதவர்கள் நோயாளியை வெறிபிடித்தவர் எனக் கருதிக் கட்டிலோடு கட்டுவர், அறையில் பூட்டுவர், அருகே செல்ல அஞ்சுவர். சூழ நிற்பவர் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் இவ்வாறு நடந்துகொள்வது கொடுமை. அவருக்கு வெளிச்சமும் ஒலியும் குறைந்த அறை வேண்டும். காற்று நேராக முகத்தில் படாமை வேண்டும். இறுக்கத்தையும் பதற்றத்தையும் தணிக்கும் மருந்துகள் வேண்டும். அருகில் தெரிந்த முகம் ஒன்று வேண்டும். இவற்றை மருத்துவமனையில் தர இயலும். நோயைத் தீர்க்க இயலாதபோதும் துன்பத்தைக் குறைத்தல் மருத்துவத்தின் கடமையே.

அருகிருந்து பணிவிடை செய்வோர் கையுறையும் முகக்கவசமும் அணிந்தால் போதும். நோயாளியின் உமிழ்நீர் கண்ணிலோ வாயிலோ புண்ணிலோ பட்டவர்கள் தடுப்பூசி இட்டுக்கொள்வர். தொட்டதாலும் ஒரே அறையில் இருந்ததாலும் இந்நோய் பரவுவதில்லை.

அறிகுறி தோன்றியபின் மீண்டோர் உலகில் மிகச் சிலரே. 2004இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வௌவால் கடித்த பதினைந்து வயதுச் சிறுமி ஒருவர், தடுப்பூசி பெறாத நிலையில், மருந்துகளால் ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கப்பட்டுப் பிழைத்தார். அதே முறையைப் பிற நோயாளிகளிடம் கையாண்டபோது பெரும்பாலும் பயன் கிட்டவில்லை. ஒரு சிறுமி பிழைத்த செய்தியை நம்பிக் காத்திருக்கும் அளவுக்கு அது உறுதியான வழியன்று.

குன்னூருக்குச் சென்றவர்கள்

1885 சூலை 6ஆம் நாள், பாரிசு நகரில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தத் தொடங்கினார். கடிபட்டு அப்போது இரண்டு நாள்களே ஆகியிருந்தன. நச்சுயிரி புகுந்த முயலின் தண்டுவடத்தை உலர்த்திச் செய்த மருந்து அது. சிறுவன் பிழைத்தான். நோய் மூளையை எட்டுவதற்கு முன் உடலை ஆயத்தப்படுத்திவிடலாம் என்னும் அவருடைய கருத்து மெய்ப்பட்டது. கடிபட்டபின் இடும் தடுப்பூசி பயன் தருவதற்கு, நச்சுயிரியின் அந்த மெதுவான நடையே காரணம். மருத்துவம் செய்வோர் காலத்தையும் கருத வேண்டும் எனத் திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறுகிறது. அக்கருத்து இந்நோய்க்குப் பொருந்துவதைப் போல வேறெந்த நோய்க்கும் பொருந்துமா என்பது ஐயம்.

இந்தியாவில் முதல் பாஸ்டர் நிறுவனம் 1900இல் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் தொடங்கப்பட்டது. தென்னாட்டில் கடிபட்டவர்க்கு அது எட்டாத தொலைவு. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் இளம்பெண், தென்னிந்தியாவில் தடுப்பு மருந்து கிடைக்காத நிலையில் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அவ்விறப்பு பலரை உலுக்கியது. அமெரிக்க வள்ளல் ஹென்றி பிப்ஸ் அரசப் பிரதிநிதி கர்சனிடம் அளித்திருந்த கொடையின் ஒரு பகுதியாகிய ஓரிலக்கம் உரூபாய் அப்பணிக்குப் பயன்பட்டது. 1907இல் நீலகிரியின் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. சமவெளியில் கடிபட்டவர்கள் மலை இரயிலேறி அங்குச் சென்றனர். மலையேறும் வசதியற்ற ஏழைகள் எத்தனை பேர் ஊரிலேயே இறந்தனர் என்பதற்குக் கணக்கில்லை.

1911இல் டேவிட் செம்பிள் கசௌலியில் உருவாக்கிய தடுப்பு மருந்து ஆட்டின் மூளைத்திசுவிலிருந்து செய்யப்பட்டது. அதனை ஆங்காங்குள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்ப முடிந்தது. தொப்புளைச் சுற்றி நாள்தோறும் ஊசி போடுவர் என்று முதியோர் இன்றும் சொல்லிக் குழந்தைகளை அச்சுறுத்துவது அம்மருந்தைப் பற்றியே. வலியோடு, சிலர்க்கு நரம்புத் தளர்ச்சியையும் அது உண்டாக்கியது. 2004ஆம் ஆண்டோடு இந்தியாவில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இன்றைய தடுப்பூசி ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களிலிருந்து பெறப்படுவது, கையில் இடப்படுவது. மருந்து மாறி இருபதாண்டுகள் கடந்தும் அச்சம் மட்டும் மாறவில்லை. தொப்புள் ஊசிக்கு அஞ்சிக் கடியை மறைக்கும் சிறுவர்கள் இருக்கத்தான் செய்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

இந்நோயால் இறந்த விலங்குகளின் மூளை உயிரணுக்களில் காணப்படும் தனித்தன்மையுடைய நுண்பொருள்களை 1903இல் இத்தாலிய மருத்துவர் அடெல்கி நெக்ரி கண்டறிந்தார். அவை 'நெக்ரி பொருள்கள்' எனப்படுகின்றன. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஆம் நாள் உலக வெறிநோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கடியே முதல் அறிகுறி

காய்ச்சல் தொடங்குவதற்கு முன் ஒருவர் உடலில் இந்த நச்சுயிரி இருக்கிறதா எனக் காட்டும் சோதனை எதுவும் இல்லை. குருதியைச் சோதித்தாலும் தெரியாது. உமிழ்நீர், பிடரித் தோல் ஆகியவற்றைக் கொண்டு செய்யும் சோதனைகள் நோய் வெளிப்பட்டபின் அதனை உறுதிப்படுத்தவே உதவும். பெங்களூரிலுள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனம் இத்தகைய சோதனைகளுக்குப் பெயர்பெற்றது. ஆகவே, காலத்தே கிடைக்கும் ஒரே அடையாளம் கடித்த நிகழ்ச்சிதான். அதனை மறைக்காமல் சொல்வதும், சொல்பவரைக் கடிந்துகொள்ளாமல் கேட்பதும் மருத்துவத்தின் தொடக்கம்.

கடித்த இடத்தை ஓடும் குழாய்நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம், அதாவது அரை நாழிகைக்கும் சற்றுக் கூடுதலாக, விடாமல் கழுவ வேண்டும். நச்சுயிரியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதனைச் சிதைத்துவிடும். ஆற்றில் ஒருமுறை நனைத்தெடுப்பது கழுவியது ஆகாது. மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், எண்ணெய் ஆகியவற்றை அப்புவது தீமையே செய்யும். அவை புண்ணை எரித்து நச்சுயிரியை ஆழத்தில் செலுத்தக்கூடும். கழுவ வேண்டிய நேரத்தையும் விழுங்கிவிடும்.

பின்னர் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கீறாத தோலை நக்கியதற்கு ஊசி தேவையில்லை. குருதி வராத பிராண்டலுக்கும் மெல்லிய கவ்வலுக்கும் தடுப்பூசி தேவை. குருதி வந்த கடிக்கும், புண்ணிலோ வாய், கண் முதலிய மென்சவ்விலோ உமிழ்நீர் பட்டதற்கும் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்புப் பொருளையும் புண்ணைச் சுற்றிச் செலுத்துவர். தடுப்பூசி தன் காவலை எழுப்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வாயிலில் நிற்கும் காவலாள் அந்த எதிர்ப்புப் பொருள். இத்தகைய புண்ணுக்குத் தையல் போடுவதை இயன்றவரை தவிர்ப்பர்.

தடுப்பூசி தொடங்கும் நாளைச் சுழியம் எனக் கொண்டு, தோலினுள் இடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களிலும், தசையினுள் இடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களிலும் இடப்படும். புண் ஆறிவிட்டது, நாய் நலமாகத் திரிகிறது என்று மூன்றாம் ஊசியோடு நின்றுவிடுவோர் மிகப் பலர். கடித்த நாயையோ பூனையையோ பத்து நாள்கள் கவனித்து, அது நலமாயிருந்தால் ஊசியை நிறுத்துவதா தொடர்வதா என மருத்துவர் முடிவு செய்வார். வீட்டார் முடிவு செய்தல் கூடாது. தெருநாய் கடித்துவிட்டு ஓடிவிட்டால் கவனிப்பதற்கே வழியில்லை. பாபநாசம் பகுதியில் குரங்கு கடித்தாலும், வயற்காட்டில் கீரி கடித்தாலும் மருத்துவரை நாடுதலே முறை. கடி பழையதாயினும் இப்போது சென்று சொல்லலாம். அறிகுறி தோன்றாதவரை தடுப்பூசிக்குக் காலம் கடந்துவிடவில்லை.

இந்நோயின் அறிகுறிகளைக் கற்பதன் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. ஒருவரிடம் நீரச்சம் தெரிந்தால், அவரைக் கடித்த அதே நாய் அத்தெருவில் வேறு எவரையெல்லாம் கடித்தது என்னும் வினா உடனே எழ வேண்டும். ஒரு வெறிநாய் ஒருவரோடு நிற்பதில்லை. ஆடு மேய்ப்பவர், பால்காரர், அதே குருளையோடு விளையாடிய பிற பிள்ளைகள் எனப் பலர் கடிபட்டிருக்கக்கூடும். அவர்களுடைய உடலில் நச்சுயிரி இன்னும் வழியில்தான் இருக்கும். பேய் எனக் கருதி மந்திரிப்பவரிடம் அழைத்துச் சென்றால் அந்த வினா எழாது. கடிபட்ட மாட்டின் பாலைக் காய்ச்சிக் குடித்த அச்சத்தில் ஊசி கேட்டு வருவோர்க்குக் காய்ச்சிய பாலால் தீங்கில்லை என மருத்துவர் கூறி அனுப்புவார். குருதி வந்ததையும் சொல்லாமல் வீட்டிலிருக்கும் பிள்ளையையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இத்தடுப்பூசி கட்டணமின்றி இடப்படுகிறது. ஐயம் கேட்க 104 என்னும் எண்ணிலும், விரைந்து செல்ல ஊர்தி வேண்டின் 108 என்னும் எண்ணிலும் அழைக்கலாம்.

கற்பவை கற்றபின்...

நாய்க்கடிக்கு உங்கள் ஊரில் முதியோர் செய்துவந்த கைவைத்தியங்களைக் கேட்டறிந்து எழுதுக. அவற்றுள் தீங்கு தருவன எவை, ஏன் என மருத்துவ அலுவலரிடம் உசாவி வகுப்பறையில் உரையாடுக.

'நீர்வெறுப்பு', 'நீரச்சம்' ஆகிய இரு சொற்களுள் நோயாளியின் நிலையைச் சரியாக உணர்த்துவது எது? இப்பாடத்திலிருந்து சான்று காட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.